தலை எங்கே என்று கேட்ட நடுவருக்கு

சனிக்கிழமை கண்காட்சியில் நடந்தது கோத்தகிரியில் பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றி முடித்துவிட்டது. அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. என் அண்ணன் மகள் களிமண் எலும்புகளை வைத்திருந்த மேசை முன்னால் நின்று, "தலை எங்கே? கால் எங்கே? நான்கு எலும்பை வைத்துக்கொண்டு டைனோசராம்!" என்று நடுவர் சிரித்தாரே, அதற்கு மட்டும் பதில்.

ஐயா, அந்த நான்கு எலும்பும் அவள் கற்பனை இல்லை. ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றில் கிடைத்த சில முதுகெலும்புகளை வைத்துத்தான் ஹூனே, மேட்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1933இல் ஒரு டைனோசருக்கு லேவிசூக்கஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். சிறிய ஊனுண்ணி. மூக்கு முதல் வால்நுனி வரை இரண்டு மீட்டர் அளவு என்பது கணிப்பு. கிடைத்ததை மட்டும் களிமண்ணில் செய்திருந்தாள். கிடைக்காத தலையைச் செய்யவில்லை. அதுதான் அவள் குற்றம்! பக்கத்து மேசையில் தெர்மாகோலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற டி-ரெக்ஸுக்கு முதல் பரிசு. வாழ்த்துகள்.

போன மாதம் எங்கள் தேயிலைக் காட்டுக் குழாயடிச் சேற்றில் ஒரு தடம், அதுவும் பாதி. வனத்துறைக்காரர் குனிந்து பார்த்து, "சிறுத்தை" என்றார். ஆறு மணிக்கெல்லாம் தெருவே கதவடைத்துக்கொண்டது. தலை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. என் அப்பா காய்ந்த எச்சத்தைக் குச்சியால் கிளறி, உள்ளே இருக்கும் மயிரைப் பார்த்து, செந்நாய் என்ன தின்றது என்று சொல்லிவிடுவார். மலையில் பிறந்தவனுக்குத் துண்டைப் பார்த்து முழுதை அறிவது புதிதா?

"அப்படியானால் விஞ்ஞானிகள் தவறே செய்ததில்லையா?" என்று ஒருவர் வருவார். செய்தார்கள். லேவிசூக்கஸையே முதலில் வேறு குடும்பத்தில் சேர்த்தார்கள். பிறகு மடகாஸ்கரில் மசியாகசாரஸ் என்ற இன்னொரு டைனோசர் கிடைத்தது, 2001இல் பெயரிட்டார்கள். அதற்குத் தாடை எலும்பும் கால் எலும்பும்கூடக் கிடைத்திருந்தன. கழுத்தெலும்புகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் உறவு என்று தெரிந்தது. தவறு திருந்தியதும் எலும்பைப் பார்த்துத்தான், சிரித்து அல்ல. நிறம் என்ன, எப்படிக் கத்தியது என்று கேட்டால் தெரியாது. அதை அவளும் சொல்லவில்லை.

"தேயிலைக்கு விலையில்லாத ஊரில் டைனோசர் எதற்கு?" இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

"நீலகிரியில் டைனோசர் ஏது?" ஏதும் இல்லைதான். நம் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. அதில் எலும்பு கிடைக்காது. அரியலூர்ப் பக்கம் போங்கள். கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து, ட்ரூடான்டிட் என்ற வகைச் சிறு ஊனுண்ணி டைனோசர் என்று 2013இல் கட்டுரை வந்தது. ஒரு பல், ஐயா! இவளிடம் நான்கு எலும்பு இருந்தது. 2020இல் பெரம்பலூர் குன்னத்தில் உருண்டைக் கல்லையெல்லாம் டைனோசர் முட்டை என்று பகிர்ந்தோமே, அன்று எத்தனை பேர் சந்தேகப்பட்டோம்? நானும் பகிர்ந்தேன், ஒப்புக்கொள்கிறேன். முட்டை போல உருண்டையாக இருந்தால் நம்புவோம். உண்மை துண்டாக வந்தால் சிரிப்போம்.

பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்பீர்கள். இருக்கட்டும். கீழே இருந்து காரில் வந்து, வர்க்கி வாங்கிக்கொண்டு, மேசைக்கு ஒரு நிமிடம் நின்று போகிறவர்களுக்கு எங்கள் பிள்ளைகள் மூன்று வாரம் இரவில் விளக்கடியில் உட்கார்ந்தது தெரியவா போகிறது? நடுவரும் வயதானவர்தான், மரியாதையாகப் பேச வேண்டுமாம். பதின்மூன்று வயதுக்கு மரியாதை கிடையாதா?

நேற்று இரவு மீதிக் களிமண்ணைப் பிசைந்து தலை ஒன்று செய்துகொண்டிருந்தாள். எதைப் பார்த்துச் செய்கிறாய் என்று கேட்டேன். "பரிசு வாங்கியதைப் பார்த்து, சித்தப்பா" என்றாள்.