டொமைன் பெயரில் 'பெஸ்ட்', 'சீப்' எதற்கு?

எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஹோம்ஸ்டே தொடங்குகிற நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வெப்சைட் செய்து தருகிறோம் என்று வருகிறவர்களில் சிலர் முதலில் விற்பது நீளமான ஒரு டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியைத்தான். பெஸ்ட், சீப், ஹோம்ஸ்டே, எல்ல, ஸ்ரீலங்கா என்று ஐந்து சொற்களை நடுவில் கோடு போட்டுக் கோர்த்து, "இதை எடுத்தால் கூகுளில் நீங்கள்தான் முதலாவது" என்கிறார்கள். அதற்கென்று தனிக் காசும் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

இந்தப் பேச்சு முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. ஒரு காலத்தில் தேடுகிற சொற்கள் அப்படியே டொமைனில் இருந்தால், உள்ளே ஒன்றுமில்லாத தளம்கூட மேலே வந்து நின்றது. 2012 செப்டம்பரில் கூகுள் அதற்குக் கடிவாளம் போட்டது. அங்கே ஸ்பாம் (குறுக்கு வழியில் மேலே வரப் பார்க்கிற தளங்கள்) தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்த மாட் கட்ஸ் அந்த மாற்றத்தை அறிவித்தார். அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தில் வித்தியாசம் தெரியும் என்றார். அடி விழுந்தது தரமில்லாத தளங்களுக்குத்தான். இன்று கூகுளின் வழிகாட்டியே டொமைனில் உள்ள சொற்களால் தரவரிசைக்குக் கிட்டத்தட்ட எந்தப் பலனும் இல்லை என்கிறது.

"அப்படியென்றால் அந்த மாதிரிப் பெயர் வைத்த சிலர் இன்னும் மேலே இருக்கிறார்களே?" என்று கேட்கலாம். பெரும்பாலும் அவை பழைய தளங்கள். பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அவற்றுக்கு இணைப்புக் கொடுத்திருப்பார்கள், உள்ளே விஷயமும் இருக்கும். பெயரை மட்டும் வாங்கினால் அதெல்லாம் கூடவே வராது.

எனக்குக் கோபம் வருவது அந்த 'சீப்' என்ற சொல்லைப் பார்த்துத்தான். அம்மா விடியக்காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, விருந்தாளிக்குச் சுடுதண்ணீர் வைக்கிற வீடு அது. அதை நாமே மலிவு என்று பலகையில் எழுதி மாட்டுவதா? ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகிற வழியில் அந்தப் பலகையைப் பார்க்கிறவருக்கு ஐந்து சொல்லும் நான்கு கோடும் மனதில் நிற்குமா? போனில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

வீட்டின் பெயரையே வையுங்கள். தமிழில் வேண்டுமென்றால் .இலங்கை என்று முடிகிற டொமைனும் இருக்கிறது. தேடுகிற சொற்கள் இருக்க வேண்டிய இடம் பக்கத்தின் தலைப்பும் உள்ளே நீங்கள் எழுதுகிற விபரமும். எந்த ஸ்டேஷனில் இறங்குவது, அங்கிருந்து நடக்க எவ்வளவு நேரம், த்ரீவீல் வீட்டு வாசல் வரை வருமா, எந்த மாதங்களில் மழையும் பனிமூட்டமும், எல்லாம் எழுதுங்கள். கூகுள் மேப்பிலும் பலகையில் உள்ள பெயரையே போடுங்கள். அங்கே பெயரோடு வேறு சொற்களை ஒட்டுவது அவர்கள் விதிக்கே விரோதம், பதிவையே முடக்கிவிடலாம்.

அப்புறம், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவாகிறதா என்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள். செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தால், நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தாலும் அவர் போனை எடுக்காவிட்டாலும் தளம் உங்கள் கையில் இல்லை.