கட்டம் சரியில்லை

சித்தி: ப என்று போடு.

கண்ணன்: கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டேன் சித்தி. சிவப்பாக ஒரு வரி வருகிறது. குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம்.

சித்தி: அப்படியென்றால் இரண்டு ப போடு.

கண்ணன்: அப்படியெல்லாம் போட முடியாது. ஆதாரில் இருக்கிற மாதிரியே விமான டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

சித்தி: ஆதாரில் என்ன இருக்கிறது?

கண்ணன்: செல்லத்தாய் ப.

சித்தி: அப்போ ப என்று போடு.

கண்ணன்: அதைத்தான் ஏற்கமாட்டேன் என்கிறது. ஆதாருக்கு ஒரு எழுத்து போதும். இவர்களுக்குப் போதாது.

சித்தி: ஆதாரே ஒத்துக்கொண்ட எழுத்தை வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? சரி, அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ.

கண்ணன்: விட முடியாது. கட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறது, பாருங்கள்.

சித்தி: கட்டம் என்கிறாய், நட்சத்திரம் என்கிறாய். டிக்கெட் எடுக்கிறாயா, ஜாதகம் எழுதுகிறாயா?

கண்ணன்: நட்சத்திரம் இருந்தால் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று அர்த்தம்.

சித்தி: என் நட்சத்திரம் பூராடம். அதைப் போடு, நிரம்பட்டும்.

கண்ணன்: சித்தி! இன்னும் ஏழு நிமிடம்தான் இருக்கிறது. அதற்குள் பணம் கட்டாவிட்டால் விலை ஏறிவிடும். சொல்லுங்கள், ப என்றால் யார்? தாத்தாவா, சித்தப்பாவா?

சித்தி: (மெதுவாக) சித்தப்பா தூங்குகிறாரா பார்.

கண்ணன்: குறட்டை கேட்கிறது.

சித்தி: அவர் குறட்டையை நம்பாதே. கதவைச் சாத்து.

(கதவு சாத்தப்படுகிறது.)

சித்தி: எங்கப்பா பேச்சிமுத்து. உங்க சித்தப்பா பரமசிவம். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் நான் ப. செல்லத்தாய். 83-ல் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தேன். ரேஷன் கார்டிலும் ப. செல்லத்தாய். அது தன்னுடைய ப என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவுடைய ப என்று எங்க அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நாற்பது வருஷமாக அந்த ஒரு எழுத்தில்தான் இரண்டு வீடும் சண்டையில்லாமல் ஓடுகிறது. இப்போது வந்து அதைப் பிரித்துக் காட்டு என்கிறாய்.

கண்ணன்: நான் சொல்லவில்லை. ஃபார்ம் சொல்கிறது.

சித்தி: ஃபார்முக்கு ஏது வாய்? எவனோ சொல்லிக் கொடுத்துத்தானே அது சொல்கிறது. இதையெல்லாம் யார் செய்கிறார்கள்?

கண்ணன்: புரோகிராமர்கள்.

சித்தி: நீ பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறாய்?

கண்ணன்: இது வேறு கம்பெனி சித்தி.

சித்தி: கம்பெனியைக் கேட்கவில்லை. வேலையைக் கேட்டேன்.

கண்ணன்: ஃபார்ம்தான் செய்கிறேன். இன்சூரன்சுக்கு.

சித்தி: உன் ஃபார்மில் இந்தக் கட்டத்துக்கு நட்சத்திரம் உண்டா?

கண்ணன்: உண்டு.

சித்தி: ஏன்?

(இங்கே கண்ணன் ஒரு பாட்டம் பேசினான். டேட்டாபேசில் அந்தப் பத்தி காலியாக இருக்கக் கூடாது, அமெரிக்க கிளையன்ட் அனுப்பிய பழைய டெம்ப்ளேட், அதைத் தொட்டால் வேறு எங்கோ உடையும், இப்படி. வாசகர் நலன் கருதி விட்டுவிட்டேன். அதற்குள் சித்தி ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி முடித்துவிட்டார்.)

சித்தி: ஆக, ஏன் என்று உனக்கும் தெரியாது.

கண்ணன்: ஏற்கெனவே அப்படி இருந்தது. எல்லோரும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

சித்தி: செய்து முடித்ததும் வேலை செய்கிறதா என்று பார்ப்பீர்களா, அதுவும் இல்லையா?

கண்ணன்: பார்க்காமல் இருப்போமா? டெஸ்டிங் என்று தனி டீமே உண்டு. பெயர் போட்டு, தேதி போட்டு, எல்லாக் கட்டத்தையும் நிரப்பிப் பார்ப்பார்கள்.

சித்தி: என்ன பெயர் போடுவார்கள்?

கண்ணன்: ஜான் ஸ்மித்.

சித்தி: அந்தப் பையன் எந்த ஊர்?

கண்ணன்: ஊரெல்லாம் கிடையாது. சும்மா ஒரு பெயர். அப்படி ஒரு ஆளே இல்லை.

சித்தி: இல்லாதவனுக்கு டிக்கெட் கிடைத்துவிடும். கீரை உருவிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கிடைக்காது. நல்ல வேலை. அந்த டீமில் யார் யார் இருக்கிறார்கள்?

கண்ணன்: முத்துக்குமார், செந்தில், பவானி.

சித்தி: அவர்களுக்குக் கடைசிப் பெயர் என்ன?

கண்ணன்: எல்லோருக்கும் இனிஷியல்தான்.

சித்தி: ஒருத்தராவது தன் சொந்தப் பெயரைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே?

கண்ணன்: தோன்றவில்லை.

சித்தி: உனக்கு?

கண்ணன்: எனக்கு அங்கே பெயரே வேறு சித்தி. சேரும்போது இதே மாதிரி இரண்டு கட்டம். ஒன்றில் கண்ணன், இன்னொன்றில் அப்பா பெயர். அது அப்பா பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது. மெயில், அடையாள அட்டை எல்லாவற்றிலும் கருப்பசாமி. கூப்பிடுவதும் அப்படித்தான்.

சித்தி: யார் கூப்பிடுவது?

கண்ணன்: மேனேஜர். 'கருப்பசாமி, அந்த பக் என்ன ஆச்சு?'

சித்தி: அவருக்கு என்ன வயது இருக்கும்?

கண்ணன்: இருபத்தெட்டு.

சித்தி: இருபத்தெட்டு வயதுப் பொடியன் எங்க அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். நீயும் திரும்பிப் பார்க்கிறாய்.

கண்ணன்: பழகிவிட்டது.

சித்தி: அத்தான் காதில் விழுந்தால் அரிவாளோடு அடுத்த பஸ் ஏறிவிடுவார்.

கண்ணன்: என் நிலைமை பரவாயில்லை சித்தி. என்னோடு வேலை பார்த்த ராஜபாளையத்துப் பையன் ஒருவன், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். அமெரிக்க விசாவில் அதைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிடுவார்கள். முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அங்கே போனதும் ஆபீசில் எல்லோரும் 'ஹலோ ஃப்னூ'.

சித்தி: பெற்றவள் பிள்ளை காதில் மூன்று தடவை சொல்லி வைத்த பெயர். அதைத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டால் சொல்லியிருப்பானே?

கண்ணன்: கேட்பது ஆள் இல்லை சித்தி, கட்டம். உலகம் முழுக்க இந்தத் தொல்லை உண்டு. ஹவாயில் ஒரு அம்மாவுக்குக் குடும்பப் பெயர் மட்டுமே 35 எழுத்துக்கு மேல். டிரைவிங் லைசென்சில் இடம் போதவில்லை.

சித்தி: பெயரைச் சுருக்கச் சொன்னார்களா?

கண்ணன்: அந்த அம்மா விடவில்லை. கடைசியில் 2013-ல் அரசாங்கமே 40 எழுத்து போகிற மாதிரி இடம் செய்து கொடுத்தது.

சித்தி: பார்த்தாயா. கட்டத்தை மாற்றலாம். நீ என்னவோ அது சாமி போட்டது மாதிரி பேசினாய்.

கண்ணன்: ஐஸ்லாந்தில் நம்மைப் போலவே அப்பா பெயர்தான். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். டெலிபோன் டைரக்டரிகூட அவரவர் சொந்தப் பெயர் வரிசையில்தான் இருக்கும்.

சித்தி: எத்தனை பேர் இருப்பார்கள்?

கண்ணன்: நாலு லட்சத்துக்குப் பக்கம்.

சித்தி: நம் விருதுநகர் மாவட்டத்தில் கால்வாசிகூட இல்லை. அவர்களுக்கு மட்டும் எப்படி டிக்கெட் கிடைக்கிறது?

கண்ணன்: அவர்கள் அப்பா பெயரை முழுதாக எழுதுகிறார்கள். இரண்டு கட்டமும் நிரம்பிவிடும். நாம்தான் ஒரே எழுத்தில் முடித்துக்கொள்கிறோம்.

சித்தி: மறுபடியும் நம் மேலேயே வந்துவிட்டாய்.

கண்ணன்: ஐந்து நிமிடம் இருக்கிறது. பேச்சிமுத்துவா, பரமசிவமா?

சித்தி: ப என்று போடு.

கண்ணன்: சித்தி, மற்ற கார்டில் என்ன இருக்கிறது? பான் கார்டைக் காட்டுங்கள்.

சித்தி: அதில் பேச்சிமுத்து என்று விரித்து எழுதியிருக்கும். இனிஷியல் எடுபடாதென்று விரித்துவிட்டார்கள். அதை நான் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கண்ணன்: ஏன்?

சித்தி: வாக்காளர் அட்டையில் கணவர் பெயர் பரமசிவம் என்று இருக்கும். அது டிவி பக்கத்தில் இருக்கிறது. எதை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கண்ணன்: உங்களுக்கு எந்தப் பெயர் போட ஆசை? அதைச் சொல்லுங்கள்.

சித்தி: (சற்று நேரம் கழித்து) நாற்பது வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. நீயும் நேரம் ஓடுகிறதே என்றுதான் கேட்கிறாய்.

கண்ணன்: அப்படியில்லை.

சித்தி: அப்படித்தான். இருக்கட்டும். 82-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்தபோது வேலைக்குச் சேர்ந்தவள் நான். எனக்கும் கட்டம் தெரியும். என் ரிஜிஸ்டரிலும் பெயர், தகப்பனார் பெயர், வகுப்பு என்று வரிசையாக இருக்கும். ஒரு வருஷம் நாலு மாரியப்பன்.

கண்ணன்: எப்படிப் பிரித்தீர்கள்?

சித்தி: கு. மாரியப்பன், சு. மாரியப்பன், ரா. மாரியப்பன், ஒரு குட்டி மாரியப்பன். எது யார் என்று தெரிந்தால் போதாதா? வம்சத்தையே வரைய வேண்டுமா?

கண்ணன்: தகப்பனார் பெயர் இல்லாத பிள்ளை வந்தால்?

சித்தி: வந்தது. கட்டத்தை வெறுமனே விட்டேன். தட்டில் சோறு போட்டேன்.

கண்ணன்: மேலே யாரும் கேட்கவில்லையா?

சித்தி: ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார். பசி பிள்ளைக்கா, அப்பனுக்கா என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். உன் ஃபார்ம் அந்த இடத்தில் இருந்திருந்தால், நட்சத்திரம் நிரம்புகிற வரைக்கும் பிள்ளை தட்டோடு நின்றிருக்கும்.

கண்ணன்: (போனைப் பார்த்து) போச்சு. நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். விலை 640 ரூபாய் ஏறிவிட்டது.

சித்தி: எங்கப்பாவா புருஷனா என்று நான் யோசித்ததற்கு 640 ரூபாய் அபராதமா?

கண்ணன்: சீட் குறைய குறைய ஏறும்.

சித்தி: போன வருஷம் நாகர்கோவில் - மும்பை ரயிலில்தானே போனேன். அதில் இந்த வம்பே இல்லையே.

கண்ணன்: ரயில் டிக்கெட்டில் பெயருக்கு ஒரே கட்டம்.

சித்தி: பெயரைக் கேட்டான், வயதைக் கேட்டான், கீழ்ப் பெர்த் வேண்டுமா என்று கேட்டான். கேட்க வேண்டியதைக் கேட்டான். அவனிடம் போய்க் கற்றுக்கொள்.

கண்ணன்: ரயிலில் இடம் இல்லையே. பேத்தி பிறந்தநாள் நாளை மறுநாள். இருங்கள், கஸ்டமர் கேரில் கேட்கிறேன்.

(பாட்டு ஒலிக்கிறது. ஒன்றை அழுத்துகிறான். இரண்டை அழுத்துகிறான். பாட்டு. பிறகு ஒரு பெண் குரல். கண்ணன் 'ஓகே, ஓகே' என்கிறான்.)

கண்ணன்: கடைசிப் பெயர் இல்லாதவர்கள் முதல் பெயரையே திரும்ப ஒரு தடவை போட வேண்டுமாம். செல்லத்தாய் செல்லத்தாய்.

சித்தி: ஒருத்திக்கு இரண்டு சீட் காசு எடுத்துவிடப் போகிறான்.

கண்ணன்: எடுக்கமாட்டான்.

சித்தி: இரு, இரு. அப்படியென்றால் எங்கப்பாவும் வேண்டாம், உங்க சித்தப்பாவும் வேண்டாம். எனக்கு நானே இனிஷியலா?

கண்ணன்: அப்படித்தான் ஆகிறது.

சித்தி: இந்த அறுபது வயதுக்கு மேலேயா இது கிடைக்க வேண்டும்! போடு, போடு. பெரிய எழுத்தில் போடு.

கண்ணன்: எல்லாம் ஒரே அளவுதான் சித்தி. ம்... ஏற்றுக்கொண்டது. பச்சை டிக் வந்துவிட்டது. ஓடிபி சொல்லுங்கள்.

சித்தி: அது உங்க சித்தப்பா போனுக்கு வரும்.

கண்ணன்: ஏன் அவர் போனுக்கு?

சித்தி: பேங்கில் நம்பர் கேட்டபோது அதற்கும் நட்சத்திரம் இருந்தது. அன்றைக்கு என்னிடம் போன் இல்லை.

(சித்தி எழுந்து போய், குறட்டை நிற்காமல் போனை எடுத்துக்கொண்டு வருகிறார். ஆறு எண்கள். டிக்கெட் வருகிறது.)

சித்தி: சரி, நீ திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்த நட்சத்திரத்தை அழித்துவிடு.

கண்ணன்: நானாக அழிக்க முடியாது. முதலில் டிக்கெட் போட வேண்டும்.

சித்தி: எந்த ஊருக்கு?

கண்ணன்: ஊருக்கு இல்லை. ஒரு மாற்றம் வேண்டும் என்று எழுதிப் போடுவதை ஆபீசில் டிக்கெட் என்போம். மேனேஜர் பார்ப்பார், கிளையன்ட் பார்ப்பான், அவசரமில்லை என்று குறிப்பெழுதி அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவார்கள்.

சித்தி: அதில் யார் கேட்டது என்று போடுவார்களா?

கண்ணன்: போடுவார்கள். பெயர் தானாகவே வந்துவிடும்.

சித்தி: என்ன என்று வரும்?

கண்ணன்: கருப்பசாமி.

சித்தி: அப்போ கவலையில்லை. எங்க அத்தான் பேச்சை இதுவரை எவனும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளியதில்லை. போடு.