இடித்தது யார் கணக்கில்?

பழைய கட்டிடம் ஒன்றை இடித்துவிட்டு அங்கே எழுப்பிய புதிய கட்டிடத்துக்குப் பசுமை விருது கொடுக்கும் படம் ஒன்று இணையத்தில் வந்தது. அதன் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி. "இதே இடத்தில் முன்பு நின்ற கட்டிடம் யார் கணக்கில் வருகிறது?" இதற்குத்தான் மூன்று நாளாக எனக்கு மண்டகப்படி நடக்கிறது. வயிற்றெரிச்சல் பிடித்தவன், வளர்ச்சிக்கு எதிரி, காலாவதியான பொறியாளர். ஒருவர் மெனக்கெட்டு என் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, தலைக்கவசம் கோணலாக இருப்பதை வட்டமிட்டுக் காட்டி, "இவரா பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது?" என்று கேட்டிருக்கிறார். நான் பாதுகாப்பைப் பற்றிப் பேசவே இல்லை, ஐயா.

என்ன நடந்தது என்பது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். மறுபடி விவரிக்கப் போவதில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், விருது கொடுத்தவர்களின் பெயரையும் சொல்ல மாட்டேன். அதைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

என் கேள்வி எளியது. 34 வயதான கட்டிடம் ஒன்று நன்றாக நின்றுகொண்டிருந்தது. இடித்தார்கள். அதைவிடப் பெரியதாக, முகமெல்லாம் கண்ணாடியாக இன்னொன்றைக் கட்டினார்கள். மொட்டை மாடியில் சூரியத் தகடுகள், கழிவறையில் சிக்கனக் குழாய்கள், வரவேற்பறைச் சுவரில் தொங்கும் செடிகள். ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று வாசலில் பளபளக்கும் பலகை. மேடைக்கு அழைத்துப் பசுமை விருது கொடுத்துவிட்டார்கள். இடித்ததைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு சொல் இல்லை. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிய நாளிலிருந்துதான் கணக்கு. அதற்கு முன்னால் எரித்தது, உடைத்தது, கொட்டியது எல்லாம் போன பிறவிச் சமாச்சாரம் போலிருக்கிறது.

சிமெண்டின் கதை தெரியாமல் இதைப் பேச முடியாது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறக்குறைய 1450 டிகிரிக்குச் சுட்டால்தான் கிளிங்கர் கிடைக்கும், அதாவது அரைத்தால் சிமெண்டாகும் கட்டி. சுடுவதற்கு எரிபொருள் வேண்டும், அதில் புகை வரும். இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்தக் கல்லே கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்பது. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோ எடுத்துச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சூளையை முழுக்கச் சூரிய ஒளியிலேயே ஓட்டினாலும் அந்த 44 கிலோ போகத்தான் செய்யும், அது வேதியியல். சிமெண்ட் ஆலைகளின் உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டுடையது. இதற்கு மேல் கம்பி வேறு. ஊதுலையில் இரும்புத் தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு எடுத்தால் இரண்டு டன் அளவுக்குக் கரியமில வாயு போகிறது.

ஆகவே ஒரு கட்டிடத்தில் முதல் விளக்கு எரியும் முன்பே அதன் பெயரில் பெரிய கடன் ஒன்று ஏறியிருக்கிறது. பழைய கட்டிடம் அந்தக் கடனை இடிபடுவதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிவிட்டது. நீங்கள் செய்தது என்ன? அந்தக் கடனில் வாங்கிய பொருளை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அதைவிடப் பெரிய கடனைப் புதிதாக வாங்கி, "இனிமேல் நான் சிக்கனமாக இருப்பேன்" என்று சபதம் செய்திருக்கிறீர்கள். சபதத்துக்கு விருது.

சட்டங்களும் இந்த ஓட்டையைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நியூயார்க்கின் 'லோக்கல் லா 97' பற்றி இந்தத் துறையில் பேசாதவர் இல்லை. 2019இல் வந்தது, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்கு 2024 முதல் உமிழ்வு வரம்பு, மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். துணிச்சலான சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது அளப்பது கட்டிடம் பயன்படுத்தும் ஆற்றலை. கட்டுவதற்காக எரித்ததை அல்ல. டென்மார்க் கொஞ்சம் விவரமாக யோசித்தது. 2023 முதல், 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டிடங்களுக்குப் பொருட்களையும் ஆற்றலையும் சேர்த்து, 50 ஆண்டுக்குக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு என்று வரம்பு வைத்தது. 2025இல் அதை இன்னும் இறுக்கிவிட்டது. பிரான்ஸும் 2022இலிருந்து பொருட்களைக் கணக்கில் எடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2028இல் பெரிய புதிய கட்டிடங்களுக்கும் 2030இல் எல்லாப் புதிய கட்டிடங்களுக்கும் வாழ்நாள் உமிழ்வைக் கணக்கிட்டுக் காட்டியாக வேண்டும். செய்ய முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். செய்துகொண்டிருக்கிறார்கள்.

"அப்படியானால் உலகில் எதையும் இடிக்கவே கூடாதா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அஸ்திவாரம் இறங்கியது, கம்பி துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளியது, தீயில் வெந்தது, இவற்றையெல்லாம் இடிக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இது அப்படிப்பட்ட கட்டிடம் அல்ல. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைச் சோதித்தவன் நான்.

இதை இதுவரை பொதுவில் சொல்லவில்லை. சொல்ல வைத்துவிட்டீர்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, அந்தக் கட்டிடத்தின் உறுதியைச் சோதித்துத் தரும்படி என்னிடம் வந்தார்கள். வரைபடங்கள் தொலைந்துவிட்டன. உள்ளே என்ன கம்பி, எத்தனை கம்பி, எங்கே வளைத்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. விசாரித்துக்கொண்டே போனதில், அந்த வேலையைச் செய்த மேஸ்திரி உயிரோடு இருப்பது தெரிந்தது. எழுபது வயதைத் தாண்டியவர். ஆளனுப்பி அழைத்தேன். வந்தார். தூண் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே நடந்தார், மாட்டின் முதுகைத் தட்டுவது போல. பிறகு சாக்பீஸ் கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து, முதல் தளத்தின் முக்கிய உத்திரங்களுக்குக் கம்பி கட்டிய விதத்தை வரைந்தார். கீழே நான்கு, மேலே இரண்டு, தூணோரம் வளையம் நெருக்கமாக, நடுவில் தள்ளித் தள்ளி. நான் கருவி வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு உத்திரத்தில்தான் அவர் சொன்னது தவறியது. அதைச் சொன்னதும் சற்று யோசித்தார். "அன்றைக்கு நான் விடுப்பு, சார்" என்றார்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பதினான்கு நாள் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தினார்களாம். ஏழாம் நாளே குழாயை மூடச் சொன்ன ஆளோடு சண்டை போட்டாராம். கான்கிரீட்டைக் குடைந்து மாதிரி எடுத்தேன். புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலின் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்தால், காரத்தன்மை குறையாத கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காற்றிலிருக்கும் கரியமில வாயு ஊடுருவிக் காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. நிறம் மாறாத ஓரம் 12 மில்லிமீட்டர். கம்பி இருப்பதோ 30 மில்லிமீட்டர் உள்ளே. முப்பது ஆண்டுகளில் 12 என்றால் மீதி 18ஐக் கடக்க எத்தனை காலம் ஆகும் என்று யோசியுங்கள். ஊடுருவல் வேகம் போகப் போகக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை கொடுத்தேன். 46 பக்கம். சில தூண்களுக்கு உறை போட்டு வலுவேற்றினால் இரண்டு தளங்கள்கூட ஏற்றலாம், வெயில்படும் சுவர்களுக்கு நிழல் தடுப்பும் கூரைக்கு வெப்பக்காப்பும் கொடுத்தால் குளிர்சாதனச் செலவு கணிசமாகக் குறையும் என்று விவரமாக எழுதினேன். பணம் வந்து சேர்ந்தது. பதில் வரவில்லை. எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது சுற்றிலும் தகரம் அடைத்திருந்தார்கள். உள்ளே இடிக்கும் எந்திரத்தின் சத்தம். அறிக்கையை யாராவது முழுதாகப் படித்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கடன் கொடுப்பவருக்குக் காட்ட ஒரு தாள் தேவைப்பட்டிருக்கலாம்.

ஆம், வயிற்றெரிச்சல்தான். ஒப்புக்கொள்கிறேன். வேறென்ன எரியும்?

அடுத்த எதிர்ப்பு: "பழைய கட்டிடம் மின்சாரத்தைக் குடிக்கும், புதியது காலப்போக்கில் ஈடுகட்டிவிடும்." எத்தனை காலப்போக்கில்? அந்த எண்ணைத்தானே நான் கேட்கிறேன்! இடிப்பு, சிமெண்ட், கம்பி, கண்ணாடி, அலுமினியம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதுங்கள். ஆண்டுதோறும் மிச்சமாகும் மின்சாரத்தை மறுபக்கம் எழுதுங்கள். எந்த ஆண்டில் சமமாகிறது என்று வாசல் பலகையில் போடுங்கள். இன்னொன்று: மின் தொகுப்பில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட, நீங்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் உமிழ்வு மதிப்பும் குறைந்துகொண்டே வரும். கட்டும்போது வெளியேறியது மட்டும் குறையாது. அது ஏற்கெனவே மேலே போய்விட்டது.

"அந்த இடத்தில் இன்னும் நிறையப் பேருக்கு இடம் தேவைப்பட்டது" என்கிறார்கள். இருக்கலாம். இரண்டு தளம் ஏற்றலாம் என்று நான் எழுதியதைச் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எனக்குப் பேச விருப்பமில்லை.

லண்டனில், ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் உள்ள மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை விவகாரத்தை ஒருவர் என் முகத்தில் எறிந்திருக்கிறார். "அங்கேயே இடிக்க அனுமதி கொடுத்துவிட்டார்களே!" கொடுத்தார்கள்தான். எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1930 வாக்கில் எழுந்த கட்டிடம், அதை இடித்துப் புதிதாகக் கட்ட நிறுவனம் அனுமதி கேட்டது. 2023 ஜூலையில் அமைச்சர் அனுமதி மறுத்தார். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் புதிய அரசு அனுமதித்தது. ஒரு கடையை இடிக்கலாமா என்று ஒரு நாடே உட்கார்ந்து கார்பன் கணக்குப் பேசியது. முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவனை யாரும் வயிற்றெரிச்சல்காரன் என்று விரட்டவில்லை. (விரட்டியும் இருக்கலாம். அவர்கள் பக்கங்களை நான் படிப்பதில்லை.)

உங்களுக்கு உதாரணம்தான் வேண்டுமென்றால் பிரான்சின் போர்தோவைப் பாருங்கள். 1960களில் கட்டிய மூன்று அடுக்ககங்கள், 530 வீடுகள். லக்காத்தோன், வசால் என்ற இரு கட்டிடக் கலைஞர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஒரு வீட்டையும் இடிக்காமல், முகப்பில் ஆழமான கண்ணாடித் தாழ்வாரங்களை வெளியிலிருந்தே ஒட்டினார்கள். குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவே இல்லை. அறை பெரிதானது, வெளிச்சம் வந்தது, சூடேற்றும் செலவு குறைந்தது. அந்த இருவருக்கும் 2021இல், கட்டிடக் கலையின் உச்ச விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. இடிக்காமலும் மேடை ஏறலாம், தெரிகிறதா?

இனி, எனக்கு உண்மையில் வலித்த பின்னூட்டத்துக்கு வருகிறேன். "நீயும் கான்கிரீட் ஊற்றித்தானே சாப்பிடுகிறாய்?"

ஆமாம். 26 ஆண்டுகளாக. அதில் தேவைக்கு மேல் ஊற்றியதும் உண்டு. தூணின் அளவு சந்தேகமாக இருந்தால் ஒரு சுற்று பெரிதாக்குவது, கலவையின் தரம் சந்தேகமாக இருந்தால் ஒரு மூட்டை கூட்டுவது. இதற்கு நாங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'பாதுகாப்பு'. பாதிச் சமயம் அது சோம்பேறித்தனம். ஒருமுறை இரும்பு உலைக் கசடு பெருமளவு கலந்த சிமெண்டைப் பரிந்துரைத்தேன். அது மெதுவாக வலுவேறும்; வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் 28ஆம் நாள் வலுவுக்குப் பதில் 56ஆம் நாள் வலுவை எடுத்துக்கொண்டால் கிளிங்கரை வெகுவாகக் குறைக்கலாம். ஒப்பந்ததாரர் தலையில் அடித்துக்கொண்டார். சென்ட்ரிங் பலகையை அவர் சீக்கிரம் பிரித்து அடுத்த தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். எனக்கு விருதும் வேண்டாம், சுத்தமானவன் என்ற பட்டமும் வேண்டாம். என் கணக்கில் என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள். அவர்கள் கணக்கிலும் எழுதுங்கள்.

அதிகப்படியாகப் பேசிவிட்டேனோ என்று நேற்றிரவு இந்தப் பதிவையே அழிக்க நினைத்தேன். அப்போதுதான் மேஸ்திரியின் பேரன் அந்த விருதுப் படத்தை எனக்கு அனுப்பினான். கூடவே ஒரு குரல் செய்தி, பெரியவருடையது. குற்றம் சாட்டும் தொனியே இல்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்: "இடிப்பதற்காகத்தான் அன்றைக்கு என்னை வரையச் சொன்னீர்களா, சார்?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். நம்பினாரா, தெரியவில்லை.

வியாழக்கிழமை வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. 29 வயதுக் கட்டிடம், உறுதிச் சோதனை, அவசரம். என் கட்டண விவரத்தோடு ஒரு கேள்வியையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்: இடிப்பதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்களா? கட்டணம் சரி என்று அன்றைக்கே பதில் வந்துவிட்டது. கேள்விக்கு இன்னும் வரவில்லை.