அஸ்திவாரத்தைப் பனிக்காலத்தில் அப்படியே விடலாமா?

"கொங்கிரீட் இறுகிவிட்டால் குளிர் ஒன்றும் செய்யாது, மரச்சட்ட வேலை வசந்தத்தில்தானே, அஸ்திவாரத்தை அப்படியே விடலாம்" என்று ஒன்ராறியோவில் வீடு கட்டுவோரிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

சிக்கல் அடியில் உள்ள மண்ணில். ஈரமண் உறையும்போது உருவாகும் பனிக்கட்டி அடுக்குகள் அடித்தளத்தையே மேலே தூக்கும், சுவர் வெடிக்கும். வெளிப்பக்கம் அடித்தளம் மண்ணுக்கடியில் 1.2 மீட்டர் ஆழத்தில் இருந்தாலும், நிலவறை திறந்து கிடந்தால் குளிர் உள்பக்கமாக இறங்கிவிடும். கட்டுமானம் நடக்கும் காலம் முழுதும் குழியின் அடிப்பகுதி உறையக்கூடாது என்கிறது ஒன்ராறியோ கட்டட விதித்தொகுப்பு (9.12.1.3).

தேங்கும் நீரை இறைத்துவிட்டு, காப்புப் போர்வையோ வைக்கோலோ தடிப்பாகப் போடுங்கள். அப்புறம், முட்டுக் கொடுக்காமல் சுவரோரம் மண் நிரப்பினால் சுவர் உள்ளே சாயலாம். சந்தேகமா? நகராட்சிக் கட்டட ஆய்வாளரிடம் கேளுங்கள். அந்தச் செய்தியை இனிப் பகிர வேண்டாம்.