பிரிட்ஜ் கோர்ஸில் 15 நாள்

கோவையில் ஒரு கல்லூரியில் இளநிலை இயற்பியலில் இடம் கிடைத்து, முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கும் முன் அங்கே நடந்த 15 நாள் பிரிட்ஜ் கோர்ஸை நேற்று முடித்துவிட்டு வந்திருக்கிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. வேறு கல்லூரிகளில் சேர்ந்திருக்கும் தோழிகளும் ஏறக்குறைய நான் கீழே எழுதுவதையேதான் சொல்கிறார்கள்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள் பலர் உண்டு. எங்களுக்கான பாடநூல்களைக் கேரள அரசே தமிழில் அச்சிட்டுத் தருகிறது. நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போனபோது நூல் ஆங்கிலத்துக்கு மாறியது, ஆசிரியரின் விளக்கம் மலையாளத்துக்கு மாறியது. ஆகவே ஒரே இயற்பியல் எனக்கு மூன்று மொழிகளில் வந்து சேர்ந்தது. நான் முடுக்கம் என்று படித்ததை ஆசிரியர் துவரணம் என்றார்; விசை பலமாயிற்று; மலையாளத்தில் உந்தத்துக்கு ஆக்கம் என்று பெயர் என்பது விளங்கும்வரை, இவர் எதை ஆக்கச் சொல்கிறார் என்று இரண்டு வாரம் குழம்பிக்கொண்டிருந்தேன்.

இப்படிப் படித்து வந்தவளுக்கு, பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே பாலம் போடுகிறோம் என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! ஆனால் முதல் வாரம் முழுவதும் ஆளுமை வளர்ச்சியிலேயே போயிற்று. காலையில் யோகா, பிறகு அறிமுக விளையாட்டுகள், பிறகு வெளியிலிருந்து வந்த ஒரு பேச்சாளர் மூன்று மணி நேரம் கம்ஃபர்ட் ஜோனை விட்டு வெளியே வரச் சொன்னார் (விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம்). பல்கலைக்கழக மானியக்குழு 2019-இல் புதுமுக மாணவர்களுக்காக வெளியிட்ட 'தீக்‌ஷாரம்ப்' வழிகாட்டியும் புதிய சூழலோடு பழகுவதையும், சக மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் நெருங்குவதையும்தான் முதன்மையாகச் சொல்கிறது. அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கும் இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். ஆனால் எங்களில் யார் எந்த மொழியில் படித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று அந்த ஒரு வாரத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு விரிவுரையாளர், வட்டப்பாதையில் மாறாத ஸ்பீடில் சுற்றும் பொருளின் வெலாசிட்டி மாறுமா, மாறாதா என்று கேட்டார். வகுப்பு அமைதியாக இருந்தது. ஸ்பீடுக்கும் வெலாசிட்டிக்கும் ஒருவர் ஆங்கில வரையறையை ஒப்பித்தார், ஆனால் கேள்விக்கு விடை வரவில்லை. நான் எழுந்து, "மாறும் சார், திசைவேகம் என்ற பேரிலேயே திசை இருக்கிறதே, திசை மாறிக்கொண்டே இருந்தால் அதுவும் மாறத்தானே வேண்டும்" என்றேன். அவர் சிரிக்காமல், பலகையில் வெலாசிட்டிக்குப் பக்கத்தில் திசைவேகம் என்று எழுதினார். அதன்பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் பள்ளியில் என்ன சொன்னீர்கள் என்று அவரே கேட்கத் தொடங்கியபோது, அதுவரை வாய் திறக்காமல் கடைசி வரிசையில் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மறுநாள் ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து லீஸ்ட் கவுண்ட் என்ன என்றதும், மீச்சிற்றளவு 0.01 செ.மீ. என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. நூலும் தேர்வும் ஆங்கிலத்தில்தான் இருக்கப்போகின்றன. ஏற்கெனவே புரிந்த ஒன்றோடு சேர்த்துக் கட்டினால் அந்தச் சொல் மனத்தில் நிற்கிறது, கட்டாவிட்டால் மனப்பாடமாகத் தேங்கிவிடுகிறது என்பதை அந்த இரண்டு நாட்களில் கண்ணால் பார்த்தேன்.

உதவித்தொகை பற்றியும் அரை நாள் விளக்கினார்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பற்றிக் கேட்டபோது எனக்கும் ஆசை வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவைத்தேன். கேரள அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள் எந்தக் கணக்கில் வருவாள் என்று கேட்டதற்கு மேடையில் இருந்தவரிடம் பதில் இல்லை. வேலந்தாவளத்தில் எல்லை தாண்டி ஏறும் தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகப் பெண் என்றால் போதும், எந்தப் பள்ளி என்று கண்டக்டர் கேட்பதில்லை.

கடைசி நாள் கருத்துப் படிவம் தந்தார்கள். உணவு, அரங்கம், பேச்சாளர்கள் என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடச் சொல்லியிருந்தார்கள். அதன் பின்பக்கத்தில், அடுத்த ஆண்டு முதல் நாளே ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்பையும் ப்ளஸ் டூவையும் எந்த மொழியில் படித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், யோகாவுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அந்த விரிவுரையாளரிடம் கொடுங்கள் என்று எழுதிவிட்டு வந்தேன்.

தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று பத்தி போட்டு நானும் என் தோழிகளும் இயற்பியல் சொற்களைக் குறித்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை 64 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். மலையாளப் பத்தியில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திச் சொல்லுங்கள்.