ஷட்டர் முன்னாடி மூட்டைய போட்டுட்டு போறவங்களுக்கு

இன்னைக்கு எழுதியே ஆகணும்ங்க, இல்லைன்னா எனக்கு தூக்கம் வராது. பனியன் கம்பெனில மிஞ்சுன சாமானத்த கொழந்தைங்களுக்கு குடுக்கற எங்க கடைய திங்கக்கிழமை வெள்ளென தொறக்கப் போனா ஷட்டர் முன்னாடி மூணு மூட்டை. யாரு வச்சதுன்னு தெரியல, ராத்திரியோட ராத்திரியா இறக்கிட்டு போயிருக்காங்க. மொத மூட்டைய அவுத்தா மேல நல்ல லேஸ், பிரிக்காத முழு ரோல், அடடா யாரோ நல்ல மனசுக்காரங்கன்னு நெனச்சு கைய உள்ள விட்டா சாம்பார். கெட்டுப்போன சாம்பார்ங்க, பார்சல் கவரோட வெடிச்சு லேஸ் முச்சூடும் ஊறிக் கெடக்குது. அதுக்கும் அடியில ஒரு பிஸ்கட் டப்பா நெறைய மரப் பட்டன், ஏதோ ஆர்டருக்கு வாங்கி மிஞ்சுனதா இருக்கும், ஒவ்வொண்ணும் அவ்வளவு அழகு, ஆனா டப்பா மூடி சரியா மூடாம பருப்பு உள்ள இறங்கி பட்டனோட நாலு ஓட்டையும் அடைச்சு காஞ்சு போயிருக்குது. ரெண்டாவது மூட்டைல உடைஞ்ச ட்யூப்லைட்டு. மூணாவதுல கொழந்தைக்கு கட்டுன டயப்பரு. அதுக்கு மேல அதப்பத்தி எழுத எனக்கு மனசு வரல.

நாங்க என்ன பண்றோம்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு பஞ்சமே இல்ல, அதுல மிஞ்சுறதுக்கும் பஞ்சமில்ல. கட்டிங் டேபிள்ல விழுற துணி, நூல் தீந்ததுக்கு அப்புறம் கெடக்குற அட்டைக் கோன், காலருக்கு வைக்கற ரிப்பு துண்டு, பிரிண்ட் தப்பாப் போன லேபிளு, ஆர்டர் கேன்சலாகி நின்னுபோன டேக்கு, ஜிப்பு, எலாஸ்டிக்கு, பேட்டன் வெட்டுன அட்டை. பெரிய கட்டிங் வேஸ்ட்ட வியாபாரிங்க எடை போட்டு வாங்கிட்டு போயிடுவாங்க, வெள்ளைக்கு ஒரு ரேட்டு, கலருக்கு ஒரு ரேட்டு, அது வேஸ்ட்டு பஞ்சுல நூல் நூக்குற ஓ.இ. மில்லுக்குப் போயி மறுபடி நூலா வந்துரும். இழுத்தா நீளுற லைக்ரா நூல் கலந்திருந்தா மட்டும் அத கிழிச்சு பஞ்சாக்குறது பெரும்பாடு. இந்த வியாபாரத்துல நாங்க குறுக்க வரல. வியாபாரிக்கு வேண்டாத சின்னச் சின்ன சாமானத்த வாங்கி, தொடச்சு, கலர் கலராப் பிரிச்சு டப்பால போட்டு வச்சா பள்ளிக்கூட டீச்சருங்களும் அங்கன்வாடி அக்காங்களும் கொழந்தைங்களும் வந்து எடுத்துட்டு போவாங்க. ஒரு கட்டப்பை நெறைய எடுத்துக்கலாம், அதுக்கு சின்னதா ஒரு தொகை, வாடகைக்கும் கரண்ட்டுக்கும் அதுதான். சின்னக் கிளாஸ் புள்ளைங்களோட எண்ணும் எழுத்தும் வகுப்புக்கு டி.எல்.எம்., அதாவது பாடம் நடத்த காட்டுற சாமான், செய்யணும்னு கவர்மென்ட் ஸ்கூல் டீச்சருங்க சொந்தக் காச போட்டு கடைல வாங்கிட்டு இருந்தாங்க, இப்ப கோன்லயும் பட்டன்லயும் செஞ்சுட்டு போறாங்க. இது ஒண்ணும் நாங்க புதுசா கண்டுபுடிச்சது இல்ல, இங்கிலாந்துல பிரிஸ்டல்ல 1982லயே இப்படி ஒரு ஸ்கிராப் ஸ்டோர் ஆரம்பிச்சுட்டாங்க. நம்மூர்ல அத விட நூறு மடங்கு சாமான் கெடக்குதுன்னுதான் நாங்களும் ஆரம்பிச்சோம்.

ஆனா வேஸ்ட்டுன்னு ஒரு வார்த்தைய சொன்ன ஒடனே மனுசங்களுக்கு என்ன ஆகுதுன்னே புரிய மாட்டேங்குது. வேஸ்ட்டு வாங்குறாங்களா, அப்ப எதையும் கொண்டுபோயி கொட்டலாம்னு அர்த்தமா? ஏங்க, போர்டுலயே பெருசா எழுதி இருக்கு, கொழந்தைங்க கைக்குப் போற பொருள்னு. சாம்பார் கவர கட்டும்போது இந்தப் பட்டன நாளைக்கு ஒரு ரெண்டாங் கிளாஸ் புள்ள எண்ணிப் பாக்கப் போகுதுன்னு ஒரு நிமிசம் தோணலையா? வீட்டுக் குப்பைய வீட்டுலயே பிரிச்சுக் குடுக்கணும்னு 2016லயே சட்டம் போட்டாச்சு, மக்குறது, மக்காதது, ட்யூப்லைட்டு பேட்டரி மாதிரி ஆபத்தானது தனின்னு. குப்பை வண்டிக்கு பிரிச்சுக் குடுக்க சோம்பேறித்தனம், அதனால எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி எங்க வாசல்ல வச்சுட்டு புண்ணியம் பண்ணுன மாதிரி போயிடறாங்க.

இது வீட்டுக்காரங்க கதை. கம்பெனிக்காரங்க கதை இதவிடக் கொடுமை, அதத்தான் முக்கியமா சொல்லணும்.

எக்ஸ்போர்ட் கம்பெனில வேல பாத்தவங்களுக்குத் தெரியும், தைக்கும்போது ஊசி உடைஞ்சா என்ன நடக்கும்னு. அந்த மெஷின நிப்பாட்டிருவாங்க. உடைஞ்ச துண்டு அத்தனையும் கெடைக்கற வரைக்கும் டேபிள் மேல, டேபிளுக்கு அடியில, காந்தத்த வச்சு தேடுவாங்க. எல்லாத் துண்டையும் சேத்து வச்சு முழு ஊசி வந்துருச்சான்னு பாத்து, ரிஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், கையெழுத்து. அப்புறந்தான் புது ஊசி குடுப்பாங்க. துண்டு கெடைக்கலைன்னா அங்க இருக்கற பீஸ் எல்லாத்தையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டர்ல விடுவாங்க. ஏன்? எங்கியோ ஒரு ஊர்ல ஒரு கொழந்தை போடப் போற சட்டைல ஊசி முனை போயிரக் கூடாதுன்னு. ரொம்ப சரி, அப்படித்தான் இருக்கணும்.

அதே மாதிரி ஒரு கம்பெனில இருந்து, பேரு வேண்டாம், போன மாசம் ஒரு டெம்போ நெறைய மூட்டை வந்துச்சு. பசங்களுக்கு துணி பொம்மை செய்யறதுக்கு குடுக்கறோம்னு சொன்னாங்க, கூடவே ஒருத்தர் வந்து மூட்டைங்க பக்கத்துல எங்கள நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டு போனாரு. எங்ககூட இருக்கற அக்கா ஒருத்தங்க பல வருசம் செக்கிங் செக்சன்ல வேல பாத்தவங்க, மூட்டைய அவுத்த ஒடனே மோந்து பாத்துட்டு சொன்னாங்க, கண்ணு இது டேபிள் துணி இல்ல, தரையக் கூட்டி அள்ளுனதுன்னு. ஆயில் கறை, தூசு, பான்பராக் கவரு, பிசிறு நூலு. சனிக்கிழமை பசங்க வந்து பிரிக்க உக்காருவாங்க, அதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துரலாம்னு அந்த அக்கா ஒவ்வொரு துணியா கைல தடவித் தடவிப் பாக்கறாங்க. ஒரு மஞ்சக் கலர் ரிப்புத் துண்டு, உள்ளங்கை அகலந்தான் இருக்கும், அத மடிச்சா உள்ள இருந்து குத்துச்சு. உடைஞ்ச ஊசி முனை, பாதி அரிசி நீளங்கூட இருக்காது, துணியோட இழைக்குள்ள படுத்துக் கெடக்குது. அந்த அக்கா விரல்ல ஒரு சொட்டு ரத்தம் மொளச்சு நின்னுச்சு, அவங்க ஒண்ணுமே சொல்லல, துணிய கீழ வச்சுட்டு என்னையப் பாத்தாங்க.

வெளிநாட்டுக் கொழந்தைக்கு ஒரு கணக்கு, எங்க ஊருக் கொழந்தைக்கு ஒரு கணக்கா? அந்தக் கம்பெனில ஒரு காந்தம் இல்லையா, மூட்டை கட்டும்போது ஒருவாட்டி சுத்த விட முடியாதா? போன் பண்ணிக் கேட்டா, சும்மா குடுக்கறதுல இவ்வளவு குத்தம் கண்டுபுடிச்சா எப்படி மேடம்ங்கறாங்க. சும்மா குடுக்கறாங்களாம்! அந்த ஒரு டெம்போவ நாங்க திருப்பி ஏத்தி விடறதுக்கு வாடகை நாங்கதான் குடுத்தோம்.

இன்னொண்ணும் சொல்லிட்டா மனசு ஆறும். இந்த ஸ்கூல்ல எல்லாம் வைக்கறாங்களே, பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்னு ஒரு போட்டி. போட்டிக்கு மொத நாள் பொழுதோட ஏழு மணிக்கு ஒரு அம்மா வேகவேகமா வர்றாங்க, கூட ஒரு பொண்ணு, மூணாவது நாலாவது படிக்கும். அக்கா நாளைக்கு போட்டிங்க, ஏதாச்சும் ரெடியா செஞ்சது இருக்குதுங்களான்னு கேக்கறாங்க. செஞ்சது இல்லைங்க, உக்காந்து செய்யட்டும், நான் சொல்லித் தர்றேன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அதுக்குள்ள கோன் அடுக்கி வச்ச பக்கம் போயி ஒரு நீலக் கோன எடுத்து காதுல வச்சுப் பாக்குது, அப்புறம் கண்ணுல வச்சு ஓட்டை வழியா என்னையப் பாக்குது, அந்த மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அம்மாக்காரங்க வெடுக்குன்னு புடுங்கி, சீ கைய வைக்காத, குப்பைன்னாங்க. அந்தக் கோன நான் முந்தின நாள் தொடச்சு வச்சதுங்க. அந்தப் பொண்ணு கைய பாவாடைல தொடச்சுக்குச்சு, அதப் பாத்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுருச்சு. நேரா எதுத்த பேன்சி ஸ்டோருக்குப் போயி புது தெர்மாகோல், கிளிட்டர் ஷீட், ஐஸ்குச்சி பாக்கெட்டு எல்லாம் வாங்கிட்டு போனாங்க.

ஒருவாட்டி அந்த மாதிரிப் போட்டிக்கு என்னைய நடுவரா வேற கூப்புட்டு இருந்தாங்க, என்கூட இன்னும் ரெண்டு பேரு. மொதப் பரிசு வாங்குன பூ ஜாடி, கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில புதுசா வாங்கி உள்ள இருந்தத வாஷ்பேசின்ல ஊத்திட்டு செஞ்சதுன்னு அந்தப் பையனே என்கிட்ட சொன்னான், பொய் சொல்லத் தெரியாத வயசு. ஒரு ஓரத்துல ஒரு பையன் காலர் ரிப்புல ஜடை மாதிரி பின்னி சுருட்டி ஒரு மிதியடி வச்சிருந்தான், அவங்க அம்மா கம்பெனில பவர் டேபிள்ங்கற தையல் மெஷின்ல தைக்கறாங்களாம், அவங்கதான் பின்னச் சொல்லிக் குடுத்தாங்களாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், அது நீட்டா இல்லைன்னு மத்த ரெண்டு பேரும் தள்ளிட்டாங்க. அர்விந்த் குப்தான்னு ஒருத்தரு ஐ.ஐ.டி.ல படிச்சுட்டு தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூப்பும் வச்சு பொம்மை செஞ்சு நாட்டுல இருக்கற கொழந்தைங்களுக்கெல்லாம் சயின்ஸ் சொல்லிக் குடுத்தாரு, 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இந்தப் போட்டிக்கு அவரு வந்திருந்தாலும் நீட்டா இல்லைன்னு தள்ளியிருப்பாங்க போல. டீச்சருங்களா, தயவு செஞ்சு அந்தப் போட்டிய நிப்பாட்டுங்க, இல்லைன்னா கடைல வாங்குன சாமான் ஒண்ணு இருந்தாக்கூட மார்க்கு கெடையாதுன்னு சொல்லுங்க.

மூட்டை கொண்டு வர்றவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். ராத்திரில வைக்காதீங்க. கடை தொறந்திருக்கற நேரத்துல வாங்க, மூட்டை முடிச்ச நீங்களே எங்க முன்னாடி அவுத்து உள்ள என்ன இருக்குதுன்னு காட்டிட்டு குடுங்க, ஒரு டம்ளர் டீ குடிச்சுட்டுப் போங்க. ஒரு பை பட்டன் குடுத்தாலும் போதும், காஞ்சதா, சுத்தமா குடுங்க. கம்பெனிக்காரங்க காந்தம் சுத்துனதுக்கு அப்புறம் கட்டி அனுப்புங்க, அடுத்த மூட்டைல இருந்து நாங்களும் காந்தம் வச்சுத்தான் வாங்குவோம், ஒரு முனை கெடைச்சாலும் மொத்தத்தையும் ஏத்தி விட்டுருவோம், இந்தவாட்டி டெம்போ வாடகை உங்களோடது.

அந்த சாம்பார் பட்டன தூக்கிப் போடலைங்க. நேத்துல இருந்து சோப்புத் தண்ணில ஊற வச்சு பல்லு வெளக்குற பிரஷ்ல ஒவ்வொரு ஓட்டையா தேச்சுட்டு இருக்கேன். நூத்திச் சொச்சம் ஆச்சு, டப்பால இன்னும் பாதி கெடக்குது. சனிக்கிழமைக்குள்ள காயணும்.