கொட்டகைக்கு இடமில்லை

(நூக் நகரம், கிரீன்லாந்து. 2026 ஜனவரி. காலை பதினொரு மணி. சூரியன் இப்போதுதான் எழுந்திருக்கிறது. நகராட்சி அலுவலகத்தின் நில ஒதுக்கீட்டுப் பிரிவு. மேசைக்கு இந்தப் பக்கம் எழுத்தர் பிபலுக், அந்தப் பக்கம் அவளுடைய தாய்மாமன், மீனவர் ஹான்ஸ்.)

ஹான்ஸ்: என்னம்மா, என் படகுக் கொட்டகை என்ன ஆயிற்று?

பிபலுக்: பரிசீலனையில் இருக்கிறது, மாமா.

ஹான்ஸ்: போன கோடையிலும் அங்கேதான் இருந்தது. இருபது சதுர மீட்டருக்கே பதினான்கு மாதம். வாஷிங்டன்காரர் டிரம்ப் நம் தீவு முழுவதையும், 21 லட்சம் சதுர கிலோமீட்டரையும் கேட்கிறாரே, அவருக்கு எத்தனை யுகம் ஆகும்?

பிபலுக்: அவர் இன்னும் விண்ணப்பமே கொடுக்கவில்லை.

ஹான்ஸ்: படிவத்தை எடு. பாவம், நாமே நிரப்பிக் கொடுப்போம்.

பிபலுக்: எனக்கு வேலை இருக்கிறது, மாமா.

ஹான்ஸ்: வரிசையில் நான் ஒருவன்தான் நிற்கிறேன். எடு.

பிபலுக்: சரி. நிலம் எதற்கு? வீட்டுக்கா, கொட்டகைக்கா?

ஹான்ஸ்: சொந்தமாக வாங்க.

பிபலுக்: அப்படி ஒரு கட்டமே இதில் இல்லை. கிரீன்லாந்தில் நிலத்தை யாரும் வாங்க முடியாது. உங்கள் வீடு உங்களுடையது. அதன் அடியில் இருக்கிற பாறை உங்களுடையது அல்ல. பயன்படுத்தும் உரிமை மட்டுமே. பிரதமர் நீல்சனுக்கும் இதே சட்டம்தான்.

ஹான்ஸ்: ஐம்பது வருடமாக இங்கே மீன் பிடிக்கிறேன், எனக்கே ஒரு சாண் பாறை சொந்தமில்லை. கட்டடம் வாங்கி விற்றே பிழைத்த மனிதருக்கு இதை யார் விளக்குவது? சரி, பயன்படுத்தும் உரிமை என்றே எழுது.

பிபலுக்: அது ஏற்கெனவே அமெரிக்காவிடம் இருக்கிறது. 1951 ஒப்பந்தம். வடக்கே பிட்டுஃபிக்கில் ராணுவத் தளம் வைத்திருக்கிறார்கள்.

ஹான்ஸ்: வாடகை?

பிபலுக்: கிடையாது.

ஹான்ஸ்: எழுபத்தைந்து வருடம் வாடகை தராமல் குடியிருந்தவன், இப்போது வீட்டையே எழுதிக் கொடு என்கிறான்! 1968இல் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு அவர்கள் விமானம் இங்கே விழுந்ததே, அதையும் எழுது.

பிபலுக்: "குடியிருந்தபோது ஏற்பட்ட சேதம்" என்று போடுகிறேன்.

ஹான்ஸ்: 1953இல் அந்தத் தளத்துக்காக வேட்டைக்காரக் குடும்பங்களைக் கானாக் என்ற ஊருக்கு விரட்டியது?

பிபலுக்: விரட்டியது நம்மை ஆண்ட டென்மார்க், மாமா.

ஹான்ஸ்: தெரியும். அவர்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறதா? கொஞ்சம் பெரிதாகவே எடுத்து வை, பிறகு வருகிறேன்.

பிபலுக்: அடுத்த கேள்வி. இதற்கு முன் இதே இடத்துக்கு விண்ணப்பித்தது உண்டா?

ஹான்ஸ்: 1946இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆட்சி 10 கோடி டாலருக்குத் தங்கம் தருவதாகச் சொன்னது. 2019இல் இவரே கேட்டார். டென்மார்க் பிரதமர் அபத்தம் என்றதும், கோபித்துக்கொண்டு வருவதாக இருந்த பயணத்தையே ரத்து செய்தார்.

பிபலுக்: ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்தது உண்டா?

ஹான்ஸ்: அதுவும் உண்டு! கரீபியனில் டென்மார்க்கின் தீவுகளை இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள் அல்லவா? அப்போது, 1916இல், கிரீன்லாந்து முழுவதும் டென்மார்க் தன் அதிகாரத்தை விரிப்பதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பிபலுக்: நகல் இணைக்கவும். விண்ணப்பக் கட்டணம்?

ஹான்ஸ்: கட்டணமா? தீவைத் தராவிட்டால் எட்டு ஐரோப்பிய நாடுகளின் சரக்குக்குப் பத்து விழுக்காடு இறக்குமதி வரி என்று மிரட்டினார். பிறகு அவரே அதைக் கைவிட்டார். விண்ணப்பதாரர் எதிரில் இருப்பவனிடம் கட்டணம் கேட்ட அதிசயத்தை உன் அலுவலகம் கண்டதுண்டா?

பிபலுக்: காரணம்?

ஹான்ஸ்: பாதுகாப்பாம். நமக்கு இருப்பது இரண்டு நாய்வண்டிகள்தான் என்று கேலி வேறு. நாய்வண்டிக்குப் பெட்ரோல் வேண்டாம் என்று ஓரத்தில் குறித்துவை.

பிபலுக்: கடைசிக் கட்டம். அக்கம்பக்கத்தார் சம்மதம்.

ஹான்ஸ்: போன வருடக் கருத்துக்கணிப்பில் 85 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றவர்கள் ஆறு விழுக்காடு. அந்த ஆறில் என் மச்சானும் ஒருவன். டிரம்ப் ஆதரவாளர்கள் போடும் சிவப்புத் தொப்பி இலவசமாகக் கிடைத்தது அவனுக்கு.

பிபலுக்: சம்மதம் இல்லையென்றால் நிராகரிப்புதான். முத்திரை குத்திவிடுகிறேன்.

ஹான்ஸ்: பலமாகக் குத்து. வாஷிங்டன் வரை கேட்கட்டும். சரி, இப்போது என் கொட்டகையைச் சொல்.

பிபலுக்: உங்கள் படிவத்திலும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது, மாமா.

ஹான்ஸ்: பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். அவன் ஜன்னலுக்குக் கடல் மறைகிறதாம். அவனுக்குக் கடல் எதற்கு? படகுகூடக் கிடையாது. அந்த இடத்தை அவனால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவும் முடியாது. எனக்கோ படகின் பாதுகாப்புக்கு அது கட்டாயம் தேவை. அவன் சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி...

பிபலுக்: மாமா.

ஹான்ஸ்: என்ன?

பிபலுக்: முத்திரை இன்னும் என் கையில்தான் இருக்கிறது.